மரகதம் மேடமும் சட்டை கழன்ற வெள்ளியும்

மரகதம் மேடம் போய்விட்டார் என்று கல்லூரியிலிருந்து போன் வந்தபோது நான் நம்பவில்லை. மூன்று பேரிடம் விசாரித்தேன். மூவரும் ஒரே பதிலைச் சொன்னதால் சந்தேகம் இன்னும் கூடியது. இருபது வருடம் அவருடைய ஆய்வகத்தில் குடுவை கழுவியவன் வேறு எப்படி இருப்பான்?

பூமி தோன்றிய நாள் முதலாகத் தன் வெற்றியைப் போலீஸ் போல முறைத்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். எண்ணூர் கழிமுகச் சேற்றில் எடுத்த பாக்டீரியாவுக்கு வெள்ளி உப்புக் கரைசலை ஊற்றுவார். கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள் உண்டாகி, தண்ணீர் டிகாஷன் நிறமாகும். ஒவ்வொரு துகளுக்கும் பாக்டீரியா தன் புரதத்தில் ஒரு சட்டை மாட்டிவிடும். அதனால்தான் அவை ஒன்றோடொன்று ஒட்டாது. நோபல் பரிசு நிச்சயம் என்று நான் சுவீடன் ராஜாவைப் பார்க்கப் போகக் கோட்டுத்துணியே எடுத்துவிட்டேன். மேடமோ, "இவ்ளோ ஒழுங்கா கீதுன்னா எங்கியோ திருட்டுத்தனம் கீது, தாமு அண்ணே" என்றார்.

நெட்டுக்குப்பத்தில் படகு வைத்திருந்த அவருடைய தம்பி ஏழுமலைக்கு அந்தப் பொறுமை இல்லை. வெள்ளி கிருமியைக் கொல்லும், இந்தத் துகளை உள்ளே பூசினால் மீன் கெடாது என்று நம்பிக் கடன் வாங்கிப் பத்து மீன் பெட்டி செய்துவிட்டான். பெட்டி நல்லதென்று அக்கா எழுதிக் கொடுத்தால் மீனவர் சங்கம் வாங்கிக்கொள்ளும்.

மேடம் எழுதிக் கொடுக்கவில்லை. பூசிய பலகையொன்றைக் கடல் தண்ணீரும் ஐஸும் கலந்த தொட்டியில் ஊறவைத்தார். மூன்றாம் நாள் துகள்கள் சட்டை கழன்று, கட்டிகட்டியாக ஒட்டி, தொட்டியின் அடியில் சாம்பல் நிற வண்டலாய்க் கிடந்தன.

"இன்னாக்கா, ஒரு சிட்டிகை வண்டலுக்கா என் பொழப்புல மண்ணு?"

"அந்தச் சிட்டிகை மீனு மேல ஒட்டும்டா. துன்னப்போறது உம் பொண்ணு."

"கூடப் பொறந்தவனை பேஜாரு பண்ணத்தான் இம்மாம் படிச்சியா?"

"ஆமாண்டா. அதுக்குத்தான்."

அதன்பின் ஒரு வருடம் அவன் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

திருவொற்றியூரில் சாவு வீட்டு வாசலில் என்னைத் தனியே இழுத்தான். "அண்ணே, அக்கா பொய் சொல்லுதுன்னு நானே ஒரு பெட்டியை ஊறப்போட்டேன். மூணே நாள்ல அதே வண்டலு, கலீஜாயிடுச்சு. இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு வெக்கப்பட்டுக்கினே இருந்துட்டேன்."

மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, எந்தச் சேதியையும் உடனே நம்பாத குணம். ஏழுமலை சொன்னதை மட்டும் நான் சோதிக்கவில்லை. தூக்குவதற்கு முன் அவர் காதருகே குனிந்து, "மேடம், தம்பியும் பாத்துட்டான். நீங்க சொன்னதுதான்" என்றேன்.