பாய் கடை போனில் நான் பேசாமல் நின்ற நேரம்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில், மீன்காரக் கன்னியம்மாவின் முகத்துக்கு நேரே நான் முஷ்டியைத் தூக்கிவிட்டேன்.

அடிப்பதற்கு இல்லை, பிள்ளைகளே! நான் அப்படிப்பட்ட ஆளா? இத்தனை வாரமாக இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேனே, தெரியாதா உங்களுக்கு? ஆனால் கன்னியம்மாவுக்கு அப்படித்தான் பட்டது. முதலிலிருந்து சொல்கிறேன்.

என் மகள் மேகலாவைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன். மனோதத்துவம் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவள். நான் எட்டாவதோடு நின்றவன். 'அப்பாடா, படிப்பு முடிந்தது, இனிமேல் வீட்டோடு இருப்பாள்' என்று நினைத்தேன். எங்கே?

"இதுக்கு மேலயும் ஒண்ணு கீது நைனா" என்றாள். மும்பையில் ஒரு கேன்சர் ஆஸ்பத்திரி. அங்கே ரெண்டு வருஷப் பயிற்சி.

டாக்டர் ஆன பிறகும் பயிற்சியா? திருவொற்றியூரிலிருந்து ஒரு சின்னப் பெண் கடிதத்தில் இதைத்தான் கேட்டிருந்தாள். கூடவே, 'அக்கா பெரிய ஊசி போடுவாங்களா, சின்ன ஊசியா?' என்றும்.

எந்த ஊசியும் போடமாட்டாள் அம்மா. மாத்திரையும் தரமாட்டாள். உடம்பைப் பார்க்க அங்கே வேறு டாக்டர்கள் இருக்கிறார்கள். கேன்சர் என்று தெரிந்தவுடன் ஒருவருக்குப் பயம் வரும், கோபம் வரும், வீட்டாரிடம் சொல்ல முடியாத பேச்செல்லாம் தொண்டையில் வந்து நிற்கும்... அதைக் கேட்க ஒரு ஆள் வேண்டாமா? அந்த ஆள்தான் மேகலா.

புத்தகத்தில் படிப்பது வேறு, கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவது வேறு. அதற்குத்தான் பயிற்சி. நோயாளியோடு பேசிவிட்டு வந்ததும், அவர் என்ன சொன்னார், இவள் என்ன சொன்னாள் என்று ஒரு வார்த்தை விடாமல் எழுத வேண்டும். பிறகு பயிற்சி கொடுக்கிற மேடம் பென்சிலோடு உட்கார்ந்து வரி வரியாகக் கேட்பார். 'இதை ஏன் சொன்னே?' திட்டமாட்டார். கேள்வி மட்டும்தான். திட்டிவிட்டால் தேவலை என்றிருக்குமாம்.

ஒரு வருஷம் போய்விட்டது. இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது.

வெளியே சொன்னால் வெட்கம். அவள் சைக்கிளுக்கு ஞாயிறுதோறும் காற்று அடிக்கிறேன். யாரும் ஓட்டுவதில்லை. ஓட்டாத சைக்கிளிலும் காற்று இறங்கத்தான் செய்கிறது! கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் வடக்கே போகிற ரயிலுக்காக நிற்கும்போது, ஜன்னல் ஜன்னலாகத் தேடுகிறேன். மும்பை ரயில் எங்கள் பக்கம் வரவே வராது. தெரியும். தெரிந்தால் கண் கேட்கிறதா?

ஞாயிறு காலை பத்து மணிக்கு, எங்கள் தெருமுனை பாய் வைத்திருக்கும் எஸ்.டி.டி. பூத்துக்கு அவள் போன் பண்ணுவாள். நானும் என் மனைவியும் ஒன்பதரைக்கே போய் நின்றுவிடுவோம். கடையில் ஒரே ஒரு போன். நாங்கள் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் வரிசையில்.

போன ஞாயிறு மணி அடித்தது. எடுத்தேன்.

"நைனா..."

குரலே சரியில்லை.

"இன்னாம்மா? சாப்ட்டியா?"

"நான் வந்துடட்டுமா நைனா? என்னால முடியல. இந்த வேலைக்கு நான் லாயக்கில்ல."

நடந்தது இதுதான். வார்டில் ஒரு தமிழ் அம்மா. தாராவியில் இட்லிக் கடை வைத்திருந்தவராம். தமிழ் தெரிந்தவள் என்று மேகலாவை அனுப்பியிருக்கிறார்கள். பத்து நாள் பழக்கம். திடீரென்று ஒரு நாள் அவர் இவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறார். "நான் திரும்ப வீட்டுக்குப் போவேனா கண்ணு?"

இவளுக்குப் பதறிவிட்டது. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஒண்ணும் ஆவாதும்மா. பயப்படாதீங்க."

அவர் கையை விட்டுவிட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மூன்று நாளாக இவளோடு பேச்சில்லை.

"மேடம் அந்த வரிக்குக் கீழ பென்சில வெச்சி ஒரே கேள்விதான் கேட்டாங்க நைனா. 'இது அவங்களுக்காகச் சொன்னதா, உனக்காகச் சொன்னதா'ன்னு."

பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அது நீ சொல்றது நைனா. அப்டியே உன்ன மாதிரியே சொல்லிட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதானே? அவள் விழுந்து முட்டி பெயர்ந்தால், 'ஒண்ணும் ஆவாதும்மா'. காய்ச்சலில் கொதித்தால், 'ஒண்ணும் ஆவாதும்மா'. அவள் வளர்த்த கிளி செத்துப்போனபோது, அதைக் கையில் வைத்துக்கொண்டே 'ஒண்ணும் ஆவாதும்மா' என்றேன். அதற்கு மேல் ஆவதற்கு என்ன இருந்தது? அவள் அழுவதை என்னால் பார்க்க முடியாது. அதற்காகச் சொன்னேன். எனக்காக!

"வான்னு ஒரு வார்த்த சொல்லு நைனா. நாளைக்கே டிக்கெட் எடுத்துடறேன்" என்றவள், அழ ஆரம்பித்துவிட்டாள்.

என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வரச் சொல்லுய்யா! வாயத் தொறந்து வரச் சொல்லேன்!"

ஒரே ஒரு வார்த்தை. ஒரு வருஷமாக என் நாக்கு நுனியில் உட்கார்ந்திருக்கிற வார்த்தை. 'ஒண்ணும் ஆவாதும்மா, வந்துடு.' எவ்வளவு சுலபம்!

அப்போதுதான் என் கை தானாக மூடிக்கொண்டது.

நான் ஹார்பரில் சிக்னல்மேன். கிரேன் ஓட்டுகிறவருக்குக் கப்பலின் அடிவயிறு தெரியாது. அந்த இரைச்சலில் குரலும் எடுபடாது. நான் விளிம்பில் நின்று கையால் காட்டுவேன். ஏற்று, இறக்கு, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். எங்கள் கேங்கில் மூடிய முஷ்டி என்றால், 'நில், எதுவும் செய்யாதே'. சரக்கு அந்தரத்தில் ஆடினால், புது ஆள் பயந்துபோய் 'இறக்கு, இறக்கு' என்று காட்டுவான். ஆடுகிற சரக்கை இறக்கினால் கீழே நிற்பவன் மேல் மோதும். ஆட்டம் தானாக அடங்கும்வரை முஷ்டியை மூடிக்கொண்டு நிற்க வேண்டும்.

இருபத்தைந்து வருஷமாக ஹார்பரில் செய்கிறேன். வீட்டில் ஒரு நாளும் செய்ததில்லை.

நின்றேன். பேசவில்லை. அந்தப் பக்கம் அவள் அழுதுகொண்டே இருந்தாள்.

எனக்குப் பின்னால் கன்னியம்மா. காசிமேட்டில் மீன் எடுத்துக்கொண்டு, வழியில் தம்பிக்குப் போன் பண்ண வந்தவள்.

"இன்னாண்ணே, போனக் காதுல சொருவிகினு தூங்கினுகிறியா? ஒண்ணு பேசு, இல்லாங்காட்டி வெச்சிட்டுப் போ! வெயிலு ஏறுது, என் மீன உன் பாட்டனா வாங்குவான்?"

திரும்பாமலே கையைப் பின்பக்கம் தூக்கிக் காட்டினேன். மூடிய கை.

"அட! குத்து வுடுவியா? எங்க, வுடு பாக்கலாம்!" கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

பாய்தான் காப்பாற்றினார். "யக்கா, யக்கா! அது அவுரு ஹார்பர்ல காட்டுற கை. நில்லுன்னு அர்த்தம். பொண்ணு அழுவுது போல கீது."

கன்னியம்மா இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். ஈரச் சாக்கை இழுத்து மீன்கூடை மேல் மூடினாள். பின்னால் ஒருவர் வாயைத் திறக்க, "சும்மா கீறியா?" என்று அவரை ஒரு அதட்டு!

எவ்வளவு நேரம் ஆயிற்றோ... அழுகை விசும்பல் ஆனது. விசும்பல் வெறும் மூச்சு ஆனது.

"நைனா... லைன்ல கீறியா?"

"கீறேம்மா."

"ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லுவன்னு நெனச்சேன்."

"ஆவுமா ஆவாதான்னு எனக்கு இன்னாம்மா தெரியும்? நான் இங்கதான் கீறேன். அவ்ளோதான் தெரியும்."

மூக்கை உறிஞ்சினாள்.

"மத்தியானம் அந்த அம்மா கட்டிலாண்ட போறேன் நைனா. அவங்க திரும்பலன்னாலும் பரவால்ல. சும்மா ஒக்காந்துகினு கீறேன்."

டிக்கெட் பேச்சை அவள் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

போனை வைத்ததும், "வரச் சொன்னியா?" என்றாள் மனைவி.

"இல்ல."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, விறுவிறுவென்று முன்னால் நடந்து போய்விட்டாள்.

கன்னியம்மா போனை எடுத்தாள். நம்பர் சுற்றாமல், என்னைப் பார்த்தாள். "நானா இருந்தா வரச் சொல்லியிருப்பேண்ணே."

"எனக்கும் ஆசதான் கன்னிம்மா."

வீட்டுக்கு வந்து சைக்கிளுக்குக் காற்று அடித்தேன். அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே அடித்துவிட்டேன் போல. டயர் கல் மாதிரி ஆகிவிட்டது.

அந்த அம்மா சுவரிலிருந்து திரும்பினாரா? தெரியாது. ஞாயிறு வரட்டும், பத்து மணி ஆகட்டும்.

பிள்ளைகளே, நீங்களும் ஒரு நாள் தூரத்து ஊருக்குப் போவீர்கள். போனில் அப்பாவின் பேச்சு திடீரென்று நின்றுபோனால், லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடாதீர்கள்... கையை மூடிக்கொண்டு அங்கேதான் நிற்பார்.