பீரோவில் ஒட்டிய முருகன்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், டீ சொல்லிவிட்டுக் கிண்டலடிக்க உட்கார்ந்துவிடுகிற ஆள் நான். இப்போதும் அப்படித்தான், இந்த ஒரு விஷயத்தைத் தவிர. சிரிப்பதென்றால் சிரியுங்கள், நானே சிரித்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. பொதட்டூர்பேட்டையில் லுங்கித் தறி வைத்திருந்த அக்கா புருஷன், எங்கள் பாவா, ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி, திருத்தணியில் என் நூல் கடையில் வைத்திருந்தார். எந்தக் கலர் இழைக்குப் பக்கத்தில் எந்தக் கலர் என்று, கலர் பேரோடு கட்டம் கட்டமாக டிசைன் போடுவார். மேல் துளையில் புரோகிராம் பிளாப்பி, கீழ்த் துளையில் டிசைன் பிளாப்பி. மஞ்சள் காமாலையில் அவர் போய்ச் சேர்ந்த பிறகு, அந்த டிசைன் பிளாப்பியைப் பத்திரப்படுத்துகிறேன் பேர்வழி என்று, லாரியில் ஒட்டுவார்களே காந்த முருகன், மலைக்கோயில் கடையில் வாங்கியது, அதை வைத்து இரும்பு பீரோவில் ஒட்டிவைத்தேன். சாமி காவல் என்று பெருமை வேறு.

ஒரு மத்தியானம் அக்கா வந்தாள். மறுநாள் ஏற்றுமதிக்காரர் வருகிறார், பாவா பேசிவைத்த டிசைனைக் காட்டினால்தான் ஆர்டர், இல்லையென்றால் தறியை விற்க வேண்டியதுதான். பிளாப்பியைப் போட்டேன், திரையில் ஒன்றுமில்லை. மெட்ராஸ் மெக்கானிக்குக்கு போன் போட்டால், "காந்தமா? எல்லாம் அழிஞ்சிருக்கும், மறந்துடுங்க சார்" என்று வைத்துவிட்டான்.

"டிசைனு பொட்டில கீதா, இல்லியாடா?"

"முருகன் தின்னுட்டாருக்கா."

"சாமி மேல போடாத. நீ பண்ண வேலை."

கோபத்தில் பிளாப்பியை உருவி, நீயே வெச்சுக்கோ என்று முருகனுக்கு அடியிலேயே திரும்ப ஒட்டினேன். ஒட்டிய கையை எடுக்கவில்லை, பின்னால் டக், டக் என்று மோதிரத்தால் மேஜையைத் தட்டுகிற சத்தம். பாவா வேலை ஆரம்பிக்குமுன் அப்படித்தான் தட்டுவார். நம்பினால் நம்புங்கள், காலியான கீழ்த் துளையில் சிவப்பு விளக்கு எரிகிறது, உள்ளே எதுவோ சுற்றுகிறது, பிரிண்டர் கிறீச்சென்று ஓட ஆரம்பிக்கிறது. வீரனாகிய நான் நூல் மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அக்காதான் நிதானமாகத் தாளைக் கிழித்தாள். டிசைனை நான்தான் வரவழைத்தேன் என்று நினைத்திருக்கிறாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் முகம் மாறிவிட்டது.

"ஓரத்துல மெரூன் இழை போட்டுகீது பாரு. ஆஸ்பத்திரில படுத்துகினு என்னாண்ட மட்டும் சொன்னாரு, ஓரம் வெறிச்சுனு கீது, மெரூன் போடணும்னு. அப்புறம் எழுந்துக்கவே இல்லியே. இத எப்படா போட்டாரு?"

மூட்டைக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டிப் பார்த்தேன்.

ஆர்டர் கிடைத்தது, தறிகள் இன்னும் ஓடுகின்றன. கம்ப்யூட்டர் காயலான் கடைக்குப் போய்விட்டது. பீரோ மட்டும் கடையில் இருக்கிறது, முருகனும், அடியில் பிளாப்பியும். இப்போதெல்லாம் அழிந்ததை மீட்டுத் தருகிறார்களாம், "குடு நைனா, பார்க்கலாம்" என்கிறான் மகன். அதில் ஒன்றும் இருக்காதுடா என்று சமாளிக்கிறேன். ஏதாவது இருந்துவிட்டால்?

ஆயுத பூஜைக்கு பீரோ முழுக்கத் துடைப்பேன். அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுவேன்.