புடவை கட்டிக் காட்டிய ஜாபர் பாய்

போன வெள்ளிக்கிழமை காலை கடையைத் திறந்து விளக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது ஜாபர் பாயின் மகள் போன் செய்தாள். "அத்தா மவுத்தாயிட்டாருக்கா" என்றாள். போட்ட விளக்குகளை அணைத்துவிட்டு துக்க வீட்டுக்குக் கிளம்பினேன்.

தேரடி வீதியில் எங்கள் ஜவுளிக்கடையில் புடவை எடுத்தவர்களுக்கு அவரைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எந்தப் புடவையைக் கேட்டாலும் பேன்ட் சட்டைக்கு மேலேயே சுற்றி, கொசுவம் வைத்து, முந்தானையைத் தோளில் போட்டு நிற்பார். பெரிய மீசையும் பட்டுப்புடவையுமாக அவர் திரும்பிக் காட்டினால் கல்யாண வீட்டார் வேறு கடைக்குப் போகமாட்டார்கள். "மடிச்சு வெச்சா துணி, கட்டினாத்தான்மா புடவை" என்பார். கொஞ்சம் பெருமைக்காரர்தான். ஆனால் அவர் வைக்கும் கொசுவம் எனக்கு இன்றுவரை வராது.

தொண்ணூறுகளில் கடைக்கு ரெடிமேட் சுடிதார் வந்தது. அதை விற்க என்னை எடுத்தார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் பெண்கள் தொட்டுப் பார்ப்பார்கள், "போட்டா எப்படியிருக்கும்?" என்பார்கள், போய்விடுவார்கள். எனக்கு உதவுவதாக நினைத்து பாய் ஒருநாள் டாப்பை நெஞ்சில் வைத்து, துப்பட்டாவையும் போட்டுக் காட்டினார். பழக்கதோஷம்! சிரித்த சிரிப்பில் வந்தவர்கள் எதற்கு வந்தோம் என்பதையே மறந்துபோனார்கள்.

விற்காவிட்டால் என்னை நிறுத்திவிடுவார்கள். அப்பா இல்லாத வீடு, என் சம்பளத்தில்தான் அடுப்பெரிந்தது. துணிந்து ஒருநாள் நானே சுடிதார் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தேன். முதலாளி கொதித்துவிட்டார். "வீட்டுக்குப் போய் புடவை கட்டிட்டு வா. இல்லன்னா வராதே" என்றார். கடை நிறைய ஆள். அழுகையை அடக்கிக்கொண்டு பையை எடுத்தேன்.

இடுப்பில் சுற்றிய நீலப்பட்டோடு பாய் வந்து நின்றார். "மொதலாளி, மீசைய வெச்சிக்கினு நான் இருவது வருஷமா புடவை கட்டி நிக்கிறேன். ஊர்ல ஒருத்தரும் தப்பா பேசல. பொண்ணு போடுற துணிய ஒரு பொண்ணு போட்டா தப்புங்களா?"

கடையே சிரித்தது. முதலாளிக்கும் அடக்க முடியவில்லை. நான் பையைக் கீழே வைத்தேன். அன்றைக்கே மூன்று பேர், "நீங்க போட்டிருக்கிற மாதிரியே குடுங்கக்கா" என்று வாங்கிப்போனார்கள்.

பிறகு வேங்கிக்கால் ஆபீசுகளுக்குப் போகும் பெண்களெல்லாம் சுடிதாருக்கு மாறினார்கள். எனக்கு இடம் போதவில்லை. முதலாளி புடவைகளை மாடிக்கு ஏற்றிவிட்டு, பாயின் இடத்தை எனக்குக் கொடுத்தார். முட்டிவலியால் மாடியேற முடியாத பாய், படிக்குக் கீழே லுங்கியும் துண்டும் விற்க உட்கார்ந்தார். லுங்கியைக் கட்டிக் காட்டச்சொல்லி யாரும் கேட்பதில்லை.

இடம் மாற்றச் சொன்ன அன்று மதியமே பாயிடம் போனேன். "என்னாலதான பாய்?" என்றேன்.

"எடத்த எனக்கு எழுதியா குடுத்திருக்காங்க? ஜாஸ்தி யோசிக்காத. ரேக்கைத் தொடச்சிட்டு உன் துணிய அடுக்கு" என்று, புடவைகளைத் தன் கையாலேயே மூட்டை கட்டினார்.

இப்போது ஜீன்ஸ் வந்து என் இடத்தைக் கேட்கிறது. அதை விற்கப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்ணுக்குப் போன மாதம் பாதி இடத்தை ஒழித்துக்கொடுத்தேன். பாயிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவ்வளவுதான். முகம் சுளிக்காமல் ஒழித்துக்கொடுக்க மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை.