அம்மா இங்கே இல்லாத வருடம்

அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டிருக்க, தேயிலைத் தூள் டப்பாவைக் கையில் பிடித்தபடி அம்மா அசையாமல் நின்ற காலை ஒன்று இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. அடுத்து என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. நான் டப்பாவை வாங்கித் தூளைப் போட்டதும் வெட்கத்தோடு சிரித்தாள். "தெரியும்டி. தெரிஞ்சதுதான், சமயத்துக்கு வர மாட்டேங்குது."

லிந்துலைப் பக்கத்தில் நாங்கள் கூலிக்கு இருந்த தேயிலைத் தோட்டம். கொழுந்து பறிப்பதில் அம்மாவுக்கு ஈடாக அங்கே ஆள் இல்லை என்பார்கள். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் எந்தப் பிள்ளை எந்த மாதம், எந்த மழையில் பிறந்தது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லுவாள். நாடு சுதந்திரம் அடைந்த அடுத்த வருடம் தம்பி பிறந்தான். பத்தாம் நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பிள்ளையைக் கேட்கிறார்கள் என்று அவனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு மலையேறி ஓடினாள். அப்பா அவளைக் கொழும்புக்குக் கொண்டுபோய் மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ஒரு வருடத்துக்கும் மேலாகிவிட்டது அவள் திரும்பி வர.

வந்தபோது அந்தக் குரல்கள் போயிருந்தன. வியாதி தீர்ந்தது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஆனால் அவளோடு போன ஏதோ ஒன்று அவளோடு திரும்பவில்லை. கங்காணி இரண்டு வேலை சொன்னால் ஒன்றுதான் நினைவில் நிற்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் காதைப் பொத்திக்கொள்வாள். உப்பு வாங்கப் போய்க் கடை வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி வருவாள். சோம்பேறியாகிவிட்டாள் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், அதட்டியிருக்கிறேன்.

சுதந்திரம் வந்த கையோடு, இந்தியாக்காரர்கள் என்று சொல்லித் தோட்டத்து ஆட்களின் பிரஜாவுரிமையைச் சட்டம் போட்டுப் பறித்திருந்தார்கள். அதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பம் போட்ட அப்பா, விசாரணைக்கு அழைப்பு வருமுன்பே நெஞ்சுவலியில் இறந்துபோனார். அழைப்பு அம்மாவின் பெயருக்கு வந்தது. இந்த நாட்டிலேயே தொடர்ந்து வாழ்ந்ததாக அவள்தான் சொல்லி நிரூபிக்க வேண்டும். எனக்குப் பதினான்கு வயது. மாலையில் அவள் மலையிலிருந்து இறங்கியதும் உட்கார வைத்துப் பதில்களைச் சொல்லிக்கொடுத்தேன். பிறந்த தோட்டம், கல்யாணமான வருடம், நாங்கள் பிறந்த வருடங்கள். வரிசை மாறாமல் கேட்டால் சொல்லிவிடுவாள். நடுவிலிருந்து ஒன்றைக் கேட்டால் எல்லாமே கலைந்துவிடும். அப்போது தன் நெற்றியில் தானே தட்டிக்கொள்வாள். "மொதல்லருந்து கேளுடி" என்று கெஞ்சுவாள்.

பைத்தியம் என்று தெரிந்தால் உரிமை தரமாட்டார்கள் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அதை நம்பினேன் என்பது பாதி உண்மை. பள்ளிக்கூடத்தில் என்னைப் பைத்தியக்காரி மகள் என்று கூப்பிட்டது மறுபாதி. "ஆஸ்பத்திரியில இருந்தத மட்டும் யாருகிட்டயும் சொல்லிறாதம்மா" என்று தினமும் சொன்னேன். மற்றதெல்லாம் நழுவியது. இது ஒன்று மட்டும் அவள் மனதில் நன்றாகப் பதிந்தது.

நுவரெலியாவில் விசாரணை. அதிகாரி சிங்களத்தில் கேட்க, யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தமிழில் சொன்னார். நான் பின்வரிசை வாங்கில் தம்பியோடு உட்கார்ந்திருந்தேன். அதிகாரி முதல் கேள்வியே நடுவிலிருந்துதான் கேட்டார்.

"மகன் பிறந்த அடுத்த வருஷம் நீங்கள் எங்க இருந்தனீங்கள் அம்மா?"

அம்மாவின் விரல்கள் முந்தானை நுனியைத் தேடின. அதைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அந்த வருசம் நான் இங்க இல்லைங்க."

"இங்க இல்லையெண்டால்? இந்தியாவுக்குப் போனனீங்களோ?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். என்னிடம் கொடுத்த வாக்கைக் காப்பாற்றத்தான் வாய் திறக்காமல் நிற்கிறாள் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. நான் எழுந்து, அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டேன். அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டார்.

சில மாதங்களில் கடிதம் வந்தது. தொடர்ச்சியான வசிப்பு நிரூபிக்கப்படவில்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. மேன்முறையீட்டுக்கான நாள் கடந்த பிறகுதான் தொழிற்சங்கக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். "இத அன்னைக்கே சொல்லியிருந்தா ஆஸ்பத்திரியில ஒரு துண்டு எழுதி வாங்கியிருக்கலாமே புள்ள" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கொழும்பும் இந்த நாட்டில்தான் இருக்கிறது என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை?

இன்று என்னிடம் இந்த நாட்டின் அடையாள அட்டை இருக்கிறது. தலை நரைத்த பிறகு கிடைத்தது. அம்மா எந்த நாட்டுக்காரியாகவும் இல்லாமல், பிறந்த மண்ணிலேயே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் போய்விட்டாள்.

கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை அவள் மறந்துவிட்டாள். தன்னால் ஏதோ கெட்டுப்போனது என்பதை மட்டும் மறக்கவில்லை. "நான் தப்பாச் சொல்லிட்டேனாடி?" என்று கேட்பாள். இல்லை என்பேன். நாலு நாளில் மறுபடியும் கேட்பாள். ஒருநாள் தாங்க முடியாமல் அவள் மடியில் விழுந்து அழுதேன். "நான்தாம்மா தப்பாச் சொல்லிக் குடுத்தேன். எல்லாம் என்னாலதான்." அவள் என் தலையைத் தடவினாள். "சின்னப் புள்ளதானே நீ. பயந்துட்ட. அதுக்குப் போயி அழுவாங்களா?"

மறுநாள் காலை ரொட்டியைப் பிட்டுத் தம்பிக்குக் கொடுத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். முகத்தில் அதே கலக்கம். என்னை மன்னித்ததும் அவளுக்கு நினைவில்லை.

"நான் தப்பாச் சொல்லிட்டேனாடி?"

"இல்லம்மா," என்றேன். "நீ உள்ளதத்தான் சொன்ன."