உங்கள் வீட்டில் எர்த் இருக்கிறதா?

கீசர் விற்பவனுக்குக் குளிர்தான் முதலாளி. அம்பத்தூர், ஆவடிப் பக்கம் அந்த முதலாளி வருடத்துக்கு இருபது நாள்தான் தலைகாட்டுவார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரியான நான் இந்த வேலையில் சேர்ந்தேன். பொங்கலுக்குள் ஆறு கீசர் விற்றால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வீட்டுக்கு. வீடு வீடாக ஏறி இறங்கி எதையாவது விற்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் கட்சி.

பல்பு எரியவில்லை

அம்பத்தூரில் ஓர் அம்மாள் வாங்குவதென்றே முடிவு செய்து, காபியும் கொடுத்துவிட்டார். நான் பையிலிருந்து ஒயர் மாட்டிய பல்பை எடுத்து, சுவரிலிருந்த பிளக்கில், கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் வருகிறதா என்று சோதித்தேன். பல்பு எரியவில்லை. படித்தது பௌதிகம், வாய் சும்மா இருக்குமா? "எர்த் இல்லைம்மா. இப்படியே மாட்டினால் குளிக்கும்போது ஷாக் அடிக்கலாம். கீசர் வந்தால் கரண்ட் பில்லும் கூடும்" என்றேன்.

அவர் உள்ளே திரும்பிக் கத்தினார்: "ஏங்க, இங்க வாங்க! விக்க வந்த புள்ளையே வேணாங்குது, நமக்கு எதுக்கு?"

மேலாளரின் சந்தேகம்

இப்படியே எல்லா வீட்டிலும் பல்பைப் பிடித்ததில், ஒரு மாதத்தில் இரண்டுதான் விற்றது. மேலாளர் என்னை உட்காரச் சொன்னார். நல்ல செய்திக்கு யாரும் உட்காரச் சொல்வதில்லை. என் பல்பைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, உண்மையச் சொல்லு. நீ நமக்கு வேலை பாக்குறியா, விறகுக் கடைக்கு வேலை பாக்குறியா?"

தீபாவளி அட்டவணை

ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பு ஒன்றில் எர்த் பிரமாதமாக இருந்தது. ஒரே மாடிப்படியில் மூன்று வீட்டார் வாங்கினார்கள்! படிகளில் இறங்கினேனா, பறந்தேனா, தெரியாது. ஆனாலும் பயம். மூன்றையும் ஒன்றாகப் போட்டால் பொது ஃபியூஸ் தாங்காது. யார் எத்தனை மணிக்கு ஸ்விட்ச் போடுவது என்று அட்டவணை எழுதி, வீட்டுக்கு ஒன்று கொடுத்தேன்.

தீபாவளி விடியலில் பெருமையாகப் பார்த்து வரலாமென்று போனால், ஃபியூஸ் போய்க் கட்டடமே இருட்டு. கீசர் வாங்கிய மதுரைக்காரர், கோவைக்காரர், நெல்லைக்காரர் மூவரும் தலையில் எண்ணெய் வழிய, துண்டோடு வாசலில் நின்றார்கள். அவர்கள் மனைவிமார் செங்கல்லை அடுக்கி, ஒரே அண்டாவில் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று கீசரும் திரும்பி வரப்போகிறதென்றே நினைத்தேன். "அட்டவணை சார்..." என்று இழுத்தேன்.

நெல்லைக்காரர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார்: "தம்பி, அத ஒழுங்கா செவுத்துலதான் ஒட்டியிருக்கோம். கண்ணுல எண்ணெ எறங்கிட்டுல்லா, எவனுக்குத் தெரியுது?"

நல்லவேளை, ஒருவரும் திருப்பித் தரவில்லை.

உப்பு

பொங்கல் கெடு முடிய ஒரு நாள்தான். ஒரே ஒரு கீசர் பாக்கி. ஆவடியை ஒட்டிய கோவில்பதாகையில் பழைய விவசாயக் குடும்பம் ஒன்று, கூப்பிட்டவர்களே அவர்கள்தான். பல்பைப் பிடித்தேன். எரியவில்லை. அந்தப் பாழாய்ப்போன பல்பைப் பையிலேயே விட்டிருக்கலாம் என்று அந்த ஒரு நிமிடம் நினைத்தது நிஜம். ஆனால் திண்டாடிக்கொண்டே உண்மையைச் சொன்னேன்: கொல்லையில் குழி வெட்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் கொட்டினால்தான் எர்த் கிடைக்கும்.

வீட்டுக்காரர் எழுந்தே விட்டார். "இன்னா தம்பி, வெளையிற மண்ணுல போய் உப்பக் கொட்டச் சொல்ற? பத்து தலைமுறையா இங்க பயிர் வச்சிகினு கீறோம்!"

போயிற்று வேலை. பையை எடுத்தேன். அடுப்படியிலிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார்:

"தென்ன மரத்துக்கு மட்டும் வருசா வருசம் மூட்ட மூட்டயா உப்பு கொட்டிக்கினு கீறியே, அது இன்னா ரோடா? அந்தாண்டயே கொழாய எறக்கச் சொல்லுய்யா. தேங்காவும் வரும், வெந்நீரும் வரும்!"

ஆறு விற்றேன், நிரந்தரமானேன், ஆனால் விற்பனையில் அல்ல, வீடு வீடாக எர்த் சோதிக்கும் பிரிவில். விற்கத் தெரியாதவனை வைத்துக்கொள்ள ஒரு கம்பெனிக்கு இருக்கும் ஒரே வழி, "வேண்டாம்" என்று சொல்வதையே அவனுக்கு உத்தியோகமாக்கிவிடுவதுதான்.