ஐயா உள்ளே தூங்குகிறார்

ஒரு வாரமாவது இருந்து பார்க்கட்டும் என்றுதான் அப்பாவை என் குவார்ட்டர்சுக்கு அழைத்து வந்தேன். பிடித்திருந்தால் அம்மாவும் வந்துவிடுவாள், மந்தாரக்குப்பத்துப் பக்கம் அவர்கள் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிடலாம் என்பது என் திட்டம். அம்மா ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். "மொதல்ல ஒங்கப்பன் இருந்து பாக்கட்டும். அது நெலச்சா நானும் வரேன். சட்டி பானையத் தூக்கிகினு வந்து, மறுபடியும் தூக்கிகினு போவ என்னால ஆவாது."

வீடு எனக்கு ஒதுக்கப்பட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்தவன் நான்தான். முதல் பட்டதாரி என்று தாலுகா ஆபீசில் அலைந்து சான்றிதழ் வாங்கி, மெக்கானிக்கல் படித்து, பரீட்சை எழுதி, நிலக்கரிச் சுரங்கத்தில் ட்ரெயினியாகச் சேர்ந்து, பெர்மனென்ட் ஆனேன். அப்பாவும் சுரங்கத்தில் இருந்தவர்தான், கான்ட்ராக்டில். கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்துகிற மண்ணைக் கீழே நின்று அள்ளி மறுபடி பெல்ட்டில் போடுகிற வேலை. அதற்கு முன்னால் சில வருஷம் ஒரு கான்ட்ராக்டரிடம் இதே டவுன்ஷிப்பில் சாக்கடை அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தார். முட்டி போன பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் வந்ததும் ஹாலையும் சமையலறையையும் காட்டினேன். அவர் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே நேராகக் கொல்லைப்பக்கம் போனார். பலாமரத்துக்கு அடியில் கிடந்த சருகைக் காலால் ஒதுக்கினார். கீழே சாக்கடையின் சிமென்ட் மூடி இருந்தது. நான் அதுவரை அதைப் பார்த்ததே இல்லை.

"இங்கதான் இருக்கும்னு தெரியும்" என்றார். "மழ புடிச்சா இந்த லைன்ல இந்த வூடுதான் மொதல்ல அடச்சிக்கும். நானே வந்து குத்திவுட்டிருக்கேன். அப்ப ஒரு கண்ணாடி போட்ட அம்மா இருந்தாங்க."

நல்ல செய்தி போலத்தான் சொன்னார். நான் சருகைக் காலால் தள்ளி மூடியை மறுபடி மறைத்தேன்.

காரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டில் வாங்குவதற்கு முன்னாலேயே நான் கார் வாங்கிவிட்டேன். பல கை மாறிய சின்ன வெள்ளைக் கார். சைக்கிளில் போய்வரக் கூடிய ஊரில் இவனுக்கு எதற்குக் கார் என்று ஷிப்டில் கிண்டல் செய்தார்கள். அம்மாவையும் அவள் சாமான்களையும் அதில் ஏற்றி வாசல்வரை கொண்டுவந்து இறக்க வேண்டும் என்று ஓர் ஆசை. என் கையால் ஒரு எஞ்சினைத் தொட வேண்டும் என்பது இன்னோர் ஆசை. நான் படித்த கல்லூரியில் லேபில் குறுக்கே அறுத்து வைத்த எஞ்சின் ஒன்று கயிற்றுக்குப் பின்னால் நிற்கும். அதைப் பார்த்துப் படம் வரைவோம், பெயர் எழுதுவோம், மார்க் வாங்குவோம். தொடக் கூடாது. அப்பா மண் அள்ளிய கூலியில் நாலு வருஷம் அந்தக் கயிற்றுக்கு வெளியே நின்றேன் என்கிற கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

அந்த வாரம் வண்டியில் பேட்டரி விளக்கு எரிய ஆரம்பித்தது. ஸ்டார்ட் செய்தால் கிறீச்சென்று ஒரு கத்தல். பானெட்டைத் திறந்து பார்த்தேன். ஆல்டர்னேட்டர் பெல்ட்டின் உள்பக்கம் முழுக்க வெடித்திருந்தது. பண்ருட்டியில் ஒரு கடையில் போய்க் கேட்டதற்கு, "டைனமோ பெல்ட்டா?" என்று கேட்டு, நம்பர் பார்த்து எடுத்துக் கொடுத்தார்கள். ஒர்க்‌ஷாப்புக்கு விட எனக்கு மனசில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாற்றிவிட்டு, அப்பா சம்மதித்தால் மத்தியானமே போய் அம்மாவை அழைத்து வந்துவிடலாம் என்று நினைத்தேன்.

காலையில் பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு வாசலில் வேலையை ஆரம்பித்தேன். பேட்டரி ஒயரைக் கழற்றினேன். முன் சக்கரத்தைக் கழற்றி, ஜாக்குக்குத் துணையாகக் கல்லை முட்டுக் கொடுத்து, சாக்கு விரித்து அடியில் படுத்தேன். அப்பா கொஞ்ச நேரம் படியில் நின்று பார்த்தார். அப்புறம் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து குந்தினார். வந்ததிலிருந்து இந்த வீட்டில் எங்கேயும் அவர் சரியாக உட்காரவில்லை. நாற்காலியில்கூட நுனியில்தான். வண்டிக்குப் பக்கத்தில் மண்ணில் நன்றாகக் குந்தினார்.

"நாலு வருசம் படிச்ச படிப்புல இந்த நட்டுதான் அவுக்கச் சொல்லிக் குடுத்தாங்களா?"

"அதக்கூட அங்க அவுக்க வுடலப்பா."

"அப்ப வூட்டுலயே இருந்திருக்கலாம். பக்கத்து வூட்டு சைக்கிளயாவது கயட்டியிருப்ப."

சிரித்தோம். கீழ் போல்ட்டைத் தளர்த்தினேன். மேலே பிளவு போட்ட பட்டையில் இருக்கிற நட்டையும் தளர்த்தி, ஆல்டர்னேட்டரை எஞ்சின் பக்கம் தள்ளியதும் பழைய பெல்ட் தொளதொளவென்று கையோடு வந்தது. அப்பா அதை வாங்கி விரலால் நீவிப் பார்த்தார்.

"எங்க பெல்ட்டு ஊரு நீளத்துக்கு ஓடும். ஒரு நாளு நின்னா மேஸ்திரி எங்கள அடிக்காத கொறைதான். இதப் பாத்தா பொம்பளப்புள்ள வளையலு மாரி இருக்குது. இதுவா கார ஓட்டுது?"

"கார ஓட்டாது. பேட்டரிய சார்ஜ் பண்ணும்."

"அப்ப இது இல்லன்னாலும் வண்டி ஓடும்?"

"கொஞ்ச தூரம் ஓடும். அப்புறம் நின்னுடும்."

புது பெல்ட்டைப் பெரிய புல்லியில் மாட்டி, கடைசியாக ஆல்டர்னேட்டர் புல்லியில் ஏற்றினேன். இனி ஒருவர் கம்பியால் ஆல்டர்னேட்டரை நெம்பி இழுத்துப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் நட்டை முறுக்க வேண்டும். அப்பா என் பக்கத்தில் நின்று நெம்பினார். "போதும்பா, கட்டை விரலால பெல்ட்ட அமுக்குனா அரை இஞ்சு உள்ள போவணும்" என்றேன். அவர் அமுக்கிப் பார்த்து, "போவுது" என்றார். அப்படியே பிடித்துக்கொண்டு, என்னிடம் சொல்வதுபோலவும் தனக்குள் பேசிக்கொள்வதுபோலவும் சொன்னார்: "கொல்லையில எடம் கெடக்குது. ஒங்கம்மா முருங்க வெக்கும். ரெண்டு கோழி வுடலாம்னா வுடுவாங்களா இங்க?"

"வுடுவாங்க."

"அப்ப மத்தியானம் போயி இட்டாந்துடலாம்."

மேல் நட்டை முறுக்கிவிட்டேன். கீழ் போல்ட்டை இறுக்க மறுபடி அடியில் போனேன். அப்போதுதான் ரோட்டில் செருப்புச் சத்தம் கேட்டு, எங்கள் வேலி ஓரம் நின்றது. அடியிலிருந்து எனக்குக் கால்கள்தான் தெரிந்தன. நடைப்பயிற்சிக்குப் போடுகிற அரைக்கால் சட்டை, வெளுத்த கெண்டைக்கால்.

"யாரு வண்டிப்பா இது?"

நான் வெளியே வருவதற்குள் அப்பாவின் குரல் வந்தது. அது அவர் குரல் இல்லை. அடியில் அவர் பாதங்கள் சேர்ந்து நின்றன.

"ஐயா வண்டிங்க."

"சார் இருக்காரா?"

"ஐயா உள்ள தூங்கறாருங்க."

எனக்கு ஸ்பேனர் கையில் நின்றுவிட்டது.

"அடியில யாரு, மெக்கானிக்கா? நல்லா பண்ணுவானா?"

"நல்லா பண்ணுவான்ங்க. எம் புள்ளதாங்க."

"படிச்சிருக்கானா?"

"ஏதோ கொஞ்சம் படிச்சிருக்கான்ங்க."

"அப்ப முடிச்சுட்டு நம்ம வீட்டுக்கும் வரச் சொல்லு. என் வண்டியும் ஒரு வாரமா கத்திக்கிட்டே இருக்கு. பின்தெரு, தண்ணித் தொட்டிக்கு எதிர் வீடு."

"அனுப்பறேங்க."

நான் போல்ட்டை இறுக்கிவிட்டு முதுகைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தபோது அவர் தெரு முனையில் திரும்பிக்கொண்டிருந்தார். அப்பா தலைத்துண்டை அவிழ்த்து மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார். நெம்பிய கம்பி தரையில் கிடந்தது.

"ஏன்பா அப்படிச் சொன்ன?"

"வாயில வந்துடிச்சி."

"இவன்தான் இந்த வூட்டுக்காரன்னு சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நம்பணுமே. நம்பலன்னா யாரு நீ, எங்க இருந்து வர்றன்னு கேப்பாங்க. எத்தினி தடவ கேட்டிருக்காங்க தெரியுமா?" பிறகு கொஞ்சம் இளகி, "போயி பாத்துக் குடுத்துட்டு வந்துடேன். அனுப்பறேன்னு சொல்லிட்டேன். ஒரு நட்டுதான" என்றார்.

நான் உள்ளே போய்க் கை கால் மசியைத் தேய்த்துக் கழுவினேன். டூட்டிக்குப் போடுகிற பேன்ட்டையும் இஸ்திரி போட்ட சட்டையையும் மாட்டிக்கொண்டு பின்தெருவுக்கு நடந்தேன். சண்டை போடத்தான் போனேனா, தெரியவில்லை. யாராவது ஒருவரிடம் நான் யாரென்று சொல்லியாக வேண்டும் என்றிருந்தது.

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "வாங்க சார், வாங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். தெற்கத்திப் பேச்சு. அனல்மின் நிலையத்தில் வேலை, ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச காலம்தானாம். முன்தெருவில் வெள்ளைக் கார் நிற்கிற வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கிறேன் என்றேன். காபி வந்தது.

"சொந்த ஊரு எது?"

"இதுதான் சார்."

"அதில்ல, நேட்டிவ்?"

"இதேதான்."

"ஓ, லோக்கலா" என்றார். இந்த டவுன்ஷிப்பில் எல்லோருக்கும் வேறு ஒரு ஊர் இருக்கிறது. பொங்கலுக்கு, திருவிழாவுக்கு என்று கிளம்பிப் போகிறார்கள். எங்கள் ஆட்கள்தான் இங்கேயே இருப்பவர்கள்.

"ஆமா, உங்க வீட்டுலதானே காலையில ஒரு பையன் வண்டி பார்த்துக்கிட்டு இருந்தான்? அந்தப் பெரியவர்கிட்ட சொல்லியிருக்கேன். நீங்களும் கொஞ்சம் சொல்லி அனுப்புங்க."

"அந்தப் பையன் நான்தான் சார். பெரியவர் எங்கப்பா."

டம்ளரைக் கீழே வைத்தார். "சார் தூங்குறார்னு சொன்னாரே."

"தெரியாம சொல்லிட்டாரு."

"அடடா. நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அப்படி இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். உடனே சட்டையை மாட்டிக்கொண்டார். அவர் மனைவி ஒரு பையில் செவ்வாழைப் பழம் வைத்துக் கொடுத்தார். வேண்டாம் சார், பரவாயில்லை சார் என்று நான் வாசல்வரை சொல்லிப் பார்த்தேன். "வயசானவரு. நான் நேர்ல வந்து சொன்னாத்தான் எனக்கு நிம்மதி" என்று எனக்கு முன்னால் நடந்தார்.

அப்பா ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துச் சாக்கின் மேல் அடுக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் எழுந்தார். முட்டி வலியோடு அவ்வளவு வேகமாக அவர் எழுந்து நான் பார்த்ததில்லை.

"மன்னிச்சுக்கோங்க ஐயா" என்று அந்த மனிதர் கை கூப்பினார். "தெரியாமப் பேசிட்டேன்."

அப்பா பின்னால் நகர்ந்தார். காரில் முதுகு இடிக்கும்வரை நகர்ந்தார்.

"இல்லீங்க ஐயா, நாந்தாங்க பொய் சொல்லிட்டேன். புத்தி இல்லாம சொல்லிட்டேங்க. பையன் மேல புகாரு ஒன்னும் எழுதிடாதீங்க."

"எழுதுறதா? என்ன பெரியவரே, நான் மன்னிப்புக் கேக்க வந்தா நீங்க..."

"அவனுக்கு ஒன்னும் தெரியாதுங்க. அவன் அடியில இருந்தான்ங்க."

அவர் மன்னிப்புக் கேட்க, இவர் மன்னிப்புக் கேட்க, நடுவில் நான் இஸ்திரிச் சட்டையோடு நின்றேன். கடைசியில் அவர் பழப்பையை அப்பாவின் கையில் திணித்துவிட்டு, என் முதுகில் தட்டி, "நல்ல அப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு நிம்மதி வந்திருக்கும்.

அப்பா பையைக் கையில் வைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"நீ ஏன்டா போயி சொன்ன? நா சொன்னது அவரு காதோட போயிருக்கும். இப்ப நா பொய் சொன்னவன்னு ஆயிடிச்சி."

"சொல்லலன்னா நான் யாருப்பா இந்த வூட்டுல?"

"நீ நீதான். ஒன்ன யாரு இல்லன்னது?"

"நீதான் இல்லன்ன."

அவர் உள்ளே போய்த் தன் வேட்டியையும் சட்டையையும் மடித்துப் பையில் வைத்தார்.

"தெனம் யாராவது கேட்டாண்ட வருவாங்க" என்றார் வெளியே வந்து. "நீ டூட்டிக்குப் போயிடுவ. நீ யாருன்னு அவங்க கேப்பாங்க. இன்னா சொல்றதுன்னு யோசிச்சிகினே நா ஒக்காந்திருக்க முடியாது. எனக்கு அது வராதுடா."

காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். சக்கரமும் பேட்டரி ஒயரும் மாட்ட வேண்டியதுதான் பாக்கி. வேண்டாம், பஸ் இருக்கிறது என்றார். நிறுத்தம்வரை கூடவே போனேன். யாராவது எதிரே வந்தால் இரண்டடி பின்தங்கி, அவர்கள் போனதும் மறுபடி சேர்ந்துகொண்டார். நான் வேகத்தைக் குறைத்தால் அவரும் குறைத்தார். பஸ் வந்ததும் கையில் இருந்த பழத்தில் பாதியை எடுத்து என்னிடம் கொடுத்தார், மீதி அம்மாவுக்கு என்றார்.

திரும்பி வந்து சக்கரத்தை மாட்டி, பேட்டரி ஒயரைப் பூட்டி, ஸ்டார்ட் செய்து பார்த்தேன். வண்டி சரியாகத்தான் ஓடியது. வேலையில் ஒரு குறையும் இல்லை. எனக்கு அதுவும் கசந்தது.

சாயங்காலம் அம்மா போன் செய்தாள்.

"ஏன்டா, அங்க தண்ணி சரியா வர்லியாமே? ஒங்கப்பன் வந்து சொல்லுது. குளிக்கக்கூட இல்லன்னு திரும்பி வந்துடிச்சாமே."

பின்னால் டிவி சத்தம் கேட்டது. அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த டவுன்ஷிப்பில் குழாயைத் திறந்து தண்ணீர் வராத ஒரு நாளை நான் பார்த்ததில்லை.

"ஆமாம்மா" என்றேன். "சரியா வரல."

"தண்ணி இல்லாத வூட்ட வச்சிகினு இன்னாடா பண்றது. அப்ப நாங்க இங்கயே இருந்துக்கறோம், போ."

"சரிம்மா" என்றேன்.