மேஸ்திரி நிமிர்த்திய பிக்கப்

ஜெபதாஸ் மேஸ்திரி போய் வெகுகாலம் ஆகிறது. ஸ்டியரிங்கில் கை வைக்கும்போதெல்லாம் இன்னும் அவர் நினைப்பு வருகிறது. அவரிடம் வாய்க்கு வந்தபடி பேசிய கழுதைகளில் நானும் ஒருவன்.

தொண்ணூற்றொன்று, ஐப்பசி மாதம். பென்னலூரில் பெங்களூர் ரோட்டோரம் கீற்றுக் கொட்டகையில் அவர் பட்டறை. மணிமங்கலத்திலிருந்து தாம்பரத்துக்குக் காய்கறி ஏற்றும் எங்கள் பழைய பிக்கப்பை அங்கே கொண்டுபோனேன். அந்த வண்டிதான் எங்களுக்குச் சோறு.

அப்பா காலத்திலேயே அது ஊர் வளைவில் புளியமரத்தில் மோதி, அடிச்சட்டமான சேசிஸ் கோணிக்கொண்டது. அன்றிலிருந்து இடதுபக்கமே இழுக்கும். அப்பா ஸ்டியரிங்கை இரண்டு விரற்கடை வலப்பக்கம் ஒடித்துப் பிடித்தபடியே ஓட்டினார். அவர் போன பிறகு நானும் அப்படியே ஓட்டினேன். மொத்தம் பதிமூன்று வருஷம்.

அந்த வருஷம் வண்டியின் தகுதிச் சான்றுக்காக எஃப்.சி.க்குப் போனபோது, புதிதாக வந்திருந்த பிரேக் இன்ஸ்பெக்டர் அடியில் குனிந்து பார்த்தார். "சேசிஸ் கோணல். பதினஞ்சு நாள்ல நிமிர்த்திட்டு வா. இல்லேன்னா காயலாங்கடையில போட்டுடு, தணிகாசலம்" என்றார். அம்மா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

மேஸ்திரி வண்டியைத் தூக்கி நிறுத்தினார். சேசிஸின் நாலு மூலையிலிருந்தும் தூக்குக்குண்டு தொங்கவிட்டுத் தரையில் சாக்குக்கட்டியால் குறித்தார். மூலைக்கு மூலை குறுக்கே நூல் பிடித்து அளந்தார். ஒரு குறுக்கு மற்றதைவிட மூன்று விரல் நீளம். பிறகு சங்கிலி கட்டி, ஜாக்கி வைத்து, இரும்பைச் சிவக்கக் காய்ச்சிக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். சீக்கிரம் ஆறட்டுமே என்று நான் வாளித் தண்ணீரைத் தூக்கினேன்.

"கீழ வை. வெடிச்சுப்பூடும். இரும்புக்கு இன்னா அவசரம், உனக்குத்தான் அவசரம்."

ஐந்தாம் நாள் இரண்டு குறுக்கும் நூல் பிசகாமல் ஒன்றாக வந்தன.

மறுபடி எஃப்.சி.க்குப் போனேன். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். நூறடிகூடப் போகவில்லை, வண்டி வலப்பக்கம் ஏறி எதிரே வந்த லாரியிடம் நலம் விசாரிக்கப் போய்விட்டது. "வெள்ளிக்கிழமைதான் உனக்குக் கடைசி" என்று இறங்கிக்கொண்டார்.

நேரே பட்டறைக்கு வந்து கத்தித் தீர்த்தேன். மேஸ்திரி மறுபடி நூல் பிடித்தார். அளவு சரியாகவே இருந்தது. என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். கொஞ்ச தூரம் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"கைய எடு."

"இன்னா மேஸ்திரி, கவுந்துடும்."

"எடுன்றேன்ல."

எடுத்தேன். வண்டி நேராகப் போயிற்று.

"வண்டி நிமிந்துடுச்சுப்பா. நீதான் இன்னும் கோணலா கீற."

பட்டறைக்குப் பின்னால் மனை பிரிக்கச் சுண்ணாம்புக் கோடு போட்ட பொட்டல் இருந்தது. இன்று அங்கே கம்பெனி மதில். கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு, இரண்டு நாள் அந்தக் கோட்டின்மேல் என்னை ஓட்டவைத்தார். கை வலப்பக்கம் போகும்போதெல்லாம் மர ஸ்கேலால் புறங்கையில் ஒன்று விழும். கல்யாணம் ஆனவன் என்றுகூடப் பார்க்கவில்லை மனுஷன்.

வெள்ளிக்கிழமை எஃப்.சி. கிடைத்தது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டிருந்ததால் மேஸ்திரியும் கையில் ஸ்கேலோடு என்னோடு ஊருக்கு வந்தார். வளைவு வந்தது. புளியமரத்தைப் பார்த்ததும் என்னை அறியாமல் கை இரண்டு விரற்கடை வலப்பக்கம் போய்விட்டது. அடி விழும் என்று விரல்களை மடக்கிக்கொண்டேன். விழவில்லை.

"உங்கப்பா இப்டித்தான் புடிப்பாரா?" என்றார்.

தலையாட்டினேன். இனி அந்தப் பிடிக்கு வேலையில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கண் கலங்கிவிட்டது.

"இந்த எடத்துல மட்டும் புடிச்சுக்கோ" என்றார் மேஸ்திரி. ஸ்கேலைச் சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.